வெற்றிடம் வருமாம்

அந்த வருடம் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொல் வந்து குடியிருந்தது. வெற்றிடம். அதற்கு முன்னர் அந்தச் சொல்லை நான் பௌதிகவியல் புத்தகத்தில்தான் கண்டிருக்கிறேன். காற்றுக்கூட இல்லாத இடம் என்று விளக்கம் எழுதிப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அதே சொல்லை அம்மா குசினியில் சொன்னார், அப்பா படலையைச் சாத்தும்போது சொன்னார், எதிர்வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துச் சொன்னார். "யோசிக்காதை பிள்ளை, வெற்றிடம் வரும்." மழை வரும் என்பது மாதிரி. இப்போதும் யாராவது அந்தச் சொல்லை என் காதில் போட்டால் எனக்குக் கொதி ஏறும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் உயர்தரப் பரீட்சையை இரண்டாவது தடவை எழுதியிருந்தேன், உயிரியல் பிரிவில். பெறுபேறு வந்த அன்று எல்லோருக்கும் தலைகால் தெரியாத சந்தோசம். முந்தைய வருடம் எங்கள் மாவட்டத்துக்கு வைத்திய பீடத்துக்கு என்ன புள்ளி வெட்டுப்புள்ளியாக இருந்ததோ, அதற்கு மேலே என் புள்ளி நின்றது. அந்த வருட வெட்டுப்புள்ளி இன்னும் வெளிவரவில்லை. அதை யார் கவனித்தார்கள்? எனக்கு ரியூசன் வகுப்பு எடுத்த சேர் தொலைபேசியில் "டொக்டர்" என்றுதான் என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஒழுங்கை உட்துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்த ஒழுங்கையில் காலையில் ஒரு வீட்டில் இருமினால் மத்தியானத்துக்குள் கடைசி வீட்டில் கொத்தமல்லி அவிப்பார்கள். ஒரே நாளில் நான் எல்லோருக்கும் டொக்டர் பிள்ளை ஆகிவிட்டேன்.

சும்மா பட்டத்தோடு விட்டார்களா? இரத்தப் பரிசோதனை அறிக்கைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "பிள்ளை, இதில சீனி கூடவோ குறைவோ?" என்று கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? நான் தவளையின் குடலையும் செவ்வரத்தம்பூவின் சூலகத்தையும் படித்தவள். "எனக்கு இன்னும் தெரியாது அன்ரி" என்றால், "அடக்கம்" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு வெட்டுப்புள்ளி வந்தது. அது ஏறியிருந்தது. தசமப் புள்ளிக்குப் பின்னால் வால் மாதிரி நீளுகிற இலக்கங்களின் கடைசியில், ஒரு மயிரிழையில் நான் கீழே நின்றேன். பெறுபேற்றில் மாவட்ட நிலை என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் யாருக்கு அடுத்ததாக யார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் மாவட்டத்துக்குக் கொடுத்த இடங்கள் முடிந்த இடத்துக்கு அடுத்த ஆள் நான். இடம் கிடைத்தவர்களில் ஒருவர் பதியாமல் விட்டால் அந்த இடத்துக்கு என்னைக் கூப்பிடுவார்கள். ஒருவர் போதும். அந்த ஒருவர் விடுகிற இடத்துக்குப் பெயர்தான் வெற்றிடம்.

வைத்திய பீடம் கிடைக்காதவளுக்கு நாலு பேர் ஆறுதல் சொல்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள். அவள் அழுது முடித்து எழும்பி வேறு வேலையைப் பார்க்கலாம். என்னைப்போல் வாசல்படியில் நிற்கிறவளுக்கு அந்தச் சுகம் இல்லை. எல்லோருக்கும் என்னிடம் சொல்ல ஒரு யோசனை இருந்தது. ஒருவர் வங்காளதேசத்துக்கு அனுப்பச் சொன்னார், ஏதோ பக்கத்தில் இருக்கிற உப்புவெளிக்குப் பஸ் ஏற்றிவிடுகிற மாதிரி. இன்னொருவர் மூன்றாவது தடவையும் எழுதச் சொன்னார். அவருடைய மகன் ஒரு தடவைகூட உயர்தரம் எழுதவில்லை. கோணேசர் கோயிலில் ஒரு நேர்த்தி வைக்கச் சொன்னவர்கள், வீட்டு வாசல் திசை பிழை என்றவர்கள், எழுதும்போது நான் எந்தப் பேனா வைத்திருந்தேன் என்று விசாரித்தவர்கள் எல்லோரும் எங்கள் கதிரைகளில் இருந்து எங்கள் தேத்தண்ணியைக் குடித்துத்தான் இதையெல்லாம் சொன்னார்கள். டொக்டர் என்று கூப்பிடுவதையும் விடவில்லை. ஆனால் இப்போது அதைச் சொல்லும்போது வாயோரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போது கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பையை எறியவேண்டும்போல் இருக்கும்.

அந்த நேரத்தில் எனக்கு விலங்கு மருத்துவம் கிடைத்தது. பேராதனையில். பதிவதற்கு ஒரு கடைசித் திகதி இருந்தது. பதிந்தால் மூன்றாவது தடவை எழுதி வைத்திய பீடத்துக்குப் போகிற வழி மூடிவிடும். பதியாமல் விட்டு, வெற்றிடமும் வராவிட்டால், கையில் இருந்ததும் போய்விடும். பதிந்த பிறகு வெற்றிடம் வந்தால் கூப்பிடுவார்கள் என்று ஒருவர் சொன்னார், கூப்பிடவே மாட்டார்கள் என்று இன்னொருவர் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தார். ரியூசன் சேர் பதியவே வேண்டாம் என்றார். "பொறு டொக்டர், ஒரு இடம் கட்டாயம் காலியாகும். என்ர அனுபவத்தில சொல்றன்." அவருக்கென்ன, அவருடைய வகுப்பில் இன்னொரு வைத்தியர் என்று எண்ணிக்கை கூடும். போகப்போவது என்னுடைய வருடம்.

அப்பா துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துக் கரையில் கட்டும் டக் படகில் எஞ்சின் வேலை செய்கிறார். அதிகம் கதைக்கமாட்டார். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது, "துறையில இடம் இல்லாட்டில் கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்கும். ஒண்டு வெளிக்கிட்டால் மற்றது உள்ள வரும். அவ்வளவுதான்" என்றார். ஆறுதல் சொன்னாராம்.

"கப்பலுக்கு வயசு போகாது அப்பா" என்றேன். அவர் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அம்மாவின் தமக்கை. இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். வீட்டில் தையல் மெசின்கள் போட்டு, சட்டை தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மரியாதைக்காக அவருக்கு 'ஆர்' விகுதி போட்டு எழுதுகிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு. விலங்கு மருத்துவம் என்றதும் அவர் நெஞ்சில் கை வைத்தார்.

"மாட்டு டொக்டரே? கொம்பு முட்டினால் ஆர் பாக்கிறது? உனக்குப் பிறகு ஆர் மாப்பிள்ளை தருவினம்?" என்றார்.

"மாடு தரும்" என்றேன். அம்மா என்னை முறைத்தார்.

எங்கள் மாவட்டத்தில் கடைசி இடம் கிடைத்தது மூதூரில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு. எனக்கு அவளை நன்றாகத் தெரியும். ஒரே ரியூசன், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். சனிக்கிழமைகளில் முதல் பஸ்ஸில் உம்மாவோடு வந்து இறங்குவாள். உம்மா வகுப்பு முடியும்வரை வெளியே வேப்பமரத்துக்குக் கீழே இருப்பார். அவள் எனக்கு இரசாயனவியல் சமன்பாடுகளை விளங்கப்படுத்துவாள், நான் அவளுக்கு உயிரியல் படங்கள் கீறிக் கொடுப்பேன். ஆளுக்கு ஆள் 'நீங்கள்' போட்டுத்தான் கதைப்போம். கட்டிப்பிடித்து அழுகிற சிநேகிதம் இல்லை. மற்றவளுடைய புள்ளியைப் பார்த்து மனதுக்குள் கொஞ்சம் பொறாமைப்படுகிற, ஆனாலும் மற்றவளுக்கு விளங்காவிட்டால் விட்டுவிட்டுப் போகாத சிநேகிதம். கடைசியில் அவள் எனக்கு ஒரு படி மேலே வந்தாள். அது அவளுடைய உழைப்பு, எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயரே போய்விட்டது. 'மூதூர்ப் பிள்ளை' ஆகிவிட்டாள். மூதூர்ப் பிள்ளை பதிஞ்சிட்டுதோ? மூதூர்ப் பிள்ளையைத் தகப்பன் விடுவாரோ? பெரியம்மா அடித்துச் சொன்னார்: "அவையள் பொம்பிளைப் பிள்ளையளை அவ்வளவு தூரம் அனுப்பமாட்டினம். நீ இருந்து பார்." என் வகுப்பில் முன்வாங்குகளில் முக்கால்வாசி மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து வந்த, தலைமூடிய பிள்ளைகள். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் நித்திரையால் எழும்புமுன் அவர்கள் இரண்டு பஸ் மாறி வந்து இருப்பார்கள். இதைச் சொன்னால் பெரியம்மா காதில் ஏறாது. தன் வாயால் சொன்னது தன் காதுக்குக்கூடப் போகாத மனுசி அவர்.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு காளி கோயிலுக்குப் போனேன். அம்மா கண்ணை மூடி, உதட்டுக்குள் சொன்னது எனக்குக் கேட்டுவிட்டது. "ஒரு இடத்தைக் காலியாக்கு தாயே." எனக்குத் தேகம் எல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இடம் தானாகக் காலியாகாது. அதில் இருக்கிற ஒரு பிள்ளை எழும்பவேண்டும். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வரவேண்டும், அல்லது அவள் வீட்டில் இழவு விழவேண்டும், அல்லது யாராவது அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டும். இதில் எதை அம்மா கேட்டார்? வெளியே வந்து செருப்பைப் போடும்போது கேட்டேன்.

"நான் ஒருத்தருக்கும் கெடுதல் கேக்கேல்லை" என்றார் அம்மா. "உனக்கு நல்லது கேட்டனான்."

இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னேன். கோயில் வாசலில் வைத்துக் கத்தாதே என்றார்.

அதற்குப் பிறகு வந்த கிழமை, ஒரு பின்னேரம், மூதூரில் இருந்து அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். சுகம் கேட்கவில்லை.

"ஒங்கட பெரியம்மா துணி எடுக்கிற கடை முதலாளிட பொஞ்சாதி முந்தாநாள் எங்கட வீட்ட வந்துட்டுப் போனா" என்றாள்.

"என்னத்துக்கு?"

"எனக்கு மாப்பிள்ளை பேச. அவட சொந்தக்காரப் பொடியனாம், கட்டார்ல வேலையாம். சீதனம் ஒண்டும் வேணாமாம். ஒடனே நிக்காஹ் முடிச்சு என்னைக் கூட்டிட்டுப் போகணுமாம்." குரலைத் தாழ்த்தினாள். "எங்கட பேரு, ஊரு, நான் படிச்ச படிப்பு எல்லாம் அவக்கு எப்படித் தெரியுமெண்டு உம்மா கேட்டா. ஒங்கட பெரியம்மாதான் சொன்னாவாம். நல்ல பிள்ளை, கட்டாயம் போய்ப் பாருங்கண்டு சொல்லி அனுப்பினாவாம்."

"உங்கட வாப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"வாப்பா யோசிக்கிறார்" என்றாள். "படிப்பு பிறகும் படிக்கலாமாம், இப்படி மாப்பிள்ளை பிறகு வரமாட்டாராம். ரெண்டு நாளா எனக்குச் சோறு இறங்கல்ல. நான் பதியாட்டி அந்த இடம் யாருக்குப் போகுமெண்டு எனக்குத் தெரியும். ஒங்களுக்கும் தெரியும்."

எனக்கு இது ஒன்றும் தெரியாது என்று சொன்னேன். சத்தியமாகத் தெரியாது என்றேன். அவள் நம்பினாளோ இல்லையோ, வைத்துவிட்டாள்.

எங்கள் ஊரில் நிலத்துக்காகச் சண்டை பிடிப்பார்கள், கிணற்றுக்காகப் பிடிப்பார்கள், வலை விரிக்கிற கரைக்காகப் பிடிப்பார்கள். அதெல்லாம் எனக்கு விளங்கும். ஒரு பிள்ளையின் பல்கலைக்கழக இடத்தை எடுக்க அவளுக்கு மாப்பிள்ளை அனுப்புகிற கூத்தை நான் அன்றுதான் கண்டேன். அடித்தால் பொலிசுக்குப் போகலாம். திருடினால் கள்ளன் என்று கத்தலாம். கலியாணம் பேசினால் யார் என்ன சொல்வது? தட்டில் வெற்றிலை வைத்து, சிரித்துச் சிரித்துச் செய்கிற அநியாயம்.

பெரியம்மா அன்று எங்கள் வீட்டில்தான் இருந்தார். விறாந்தைக் கதிரையில் இருந்து பலகாரம் கடித்துக்கொண்டு இருந்தார். அப்பா வேலையால் வந்து சாரத்தோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தார். அம்மா குசினி வாசலில், திருவலையில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டு இருந்தார்.

"மூதூருக்கு மாப்பிள்ளை அனுப்பினது ஆர்?" என்று கேட்டேன். கேட்டேன் என்பது பிழை, கத்தினேன்.

பெரியம்மாவுக்கு ஒரு கூச்சமும் இல்லை. "நான்தான். அதுக்கென்ன? நல்ல காரியம்தானே செய்தனான். நல்ல உழைப்பாளிப் பெடியனாம், ஒரு கெட்ட பழக்கம் இல்லையாம். நாளைக்கு அந்தத் தாய் தகப்பன் என்னைக் கையெடுத்துக் கும்பிடுவினம்."

"அவள் டொக்டராகப் போறாள் பெரியம்மா."

"நீயும்தான் ஆகவேணும். ஆருக்காக நான் இந்த அலைச்சல் அலையிறன்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமோ?"

அம்மா நிமிரவில்லை. தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதுவே பதில்.

பிறகு நான் என்னவெல்லாம் கத்தினேன் என்று முழுக்க ஞாபகம் இல்லை. எதிர்வீட்டு அன்ரி மதிலுக்கு மேலால் தலையை நீட்டியதும், நான் அவரைப் பார்த்து "உள்ள போங்கோ!" என்று கத்தியதும் ஞாபகம் இருக்கிறது. அந்தத் தலை உடனே மறைந்தது. இன்னொன்றும் ஞாபகம் இருக்கிறது. "எனக்கு அந்த இடம் வேண்டாம். ஒருத்தியை எழுப்பிப்போட்டு, அந்தச் சூடு ஆறமுதல் அதில போய் இருக்க என்னால ஏலாது" என்றேன்.

பெரியம்மா பலகாரத் தட்டைக் கீழே வைத்தார். "பெரிய கதை கதைக்காதை. நல்ல சம்பந்தம் வந்தால் பொம்பிளைப் பிள்ளை படிப்பை விடுறதுதான். உன்ர அம்மா விடேல்லையே? ஆசிரியர் கலாசாலைக்கு எடுபட்டவ. போற திகதியும் வந்திட்டுது. நான்தான் உன்ர அப்பாவின்ர சம்பந்தத்தைக் கொண்டுவந்தனான். கிழமைக்குள்ள எல்லாம் சரி. அவவின்ர இடத்துக்கு அடுத்த ஆளைக் கூப்பிட்டவங்கள். இப்ப ஆர் செத்துப் போச்சினம்? நல்லாத்தானே இருக்கிறா?"

தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

அம்மா விஞ்ஞானம் படித்தவர் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்கு வீட்டில் சொல்லித் தந்தவர் அவர்தான். கலாசாலைக்கு எடுபட்டார் என்று ஒருநாளும் ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. அப்பாவுக்கும் சொல்லியிருக்கவில்லை. அது அவருடைய முகத்தில் தெரிந்தது.

"கலாசாலையோ?" என்றார் அப்பா. பெரியம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். "வீட்டில சும்மா இருக்கிற பிள்ளை எண்டுதானே எனக்குச் சொன்னனீங்கள்?"

"சொல்லியிருந்தால் நீங்கள் கட்டியிருப்பீங்களே?"

"பொறுத்துக் கட்டியிருப்பன்."

அப்பா உண்மையிலேயே பொறுத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வது சுலபம். அவர் அதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. எழும்பிக் கையைக் கழுவினார். சேலைத் தலைப்பில் துடைத்தார். பிரிட்ஜுக்கு மேலே இருந்த தன் தொலைபேசியை எடுத்தார்.

"அக்கா, அந்தக் கடைக்காரம்மாவின்ர நம்பரைத் தாங்கோ."

"உனக்கு என்னத்துக்கு இப்ப..."

"தாங்கோ."

அம்மா அந்தக் குரலில் கதைத்து நான் கேட்டதில்லை. பெரியம்மா கொடுத்தார். அம்மா நின்றபடியே கதைத்தார். கடைக்காரம்மா அந்தப் பக்கத்தில் சுகம் விசாரித்திருக்கவேண்டும். அம்மா அதை வெட்டி நேரே விசயத்துக்கு வந்தார்.

"அந்த மூதூர்ச் சம்பந்தம்... ஓம், அதுதான். உங்களைச் சொல்லி அனுப்பினது எங்கட வீடு. அந்தப் பிள்ளை படிக்கப் போகாட்டில் அந்த இடம் என்ர மகளுக்கு வரும். அதுக்காகத்தான் அனுப்பினது, வேற ஒரு நல்லெண்ணமும் இல்லை. எனக்கும் தெரிஞ்சுதான் நடந்தது. நான் சொன்னதை அப்பிடியே அந்தப் பிள்ளையின்ர தகப்பனிட்டச் சொல்லுங்கோ. ஒண்டையும் மறைக்காதேங்கோ."

தொலைபேசியைத் திரும்ப பிரிட்ஜுக்கு மேலே வைத்தார். பெரியம்மா சேலையை உதறிக்கொண்டு எழும்பி, நன்றி கெட்ட குடும்பம் என்று சொல்லிவிட்டுப் போனார். படலை அடித்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அம்மா மறுபடியும் திருவலையில் இருந்து, பாதியில் விட்ட தேங்காயை எடுத்தார்.

நான் கேட்டதுதான் நடந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்திருக்கவேண்டும். ஆனால் இருக்கவில்லை. நான் வாய்க்கு வந்தபடி கத்தினேனே தவிர, கடைசி நிமிடத்தில் ஏதாவது நடக்கும் என்ற நினைப்பு எனக்குள்ளும் இருந்திருக்கிறது. அந்த நினைப்பை அம்மா ஒரு தொலைபேசிக் கதையில் மூடிவிட்டார். அன்று அம்மா மேலும் எனக்குக் கொதிதான். முதலில் உடந்தையாக இருந்துவிட்டுப் பிறகு உடைத்ததற்கு. கலாசாலைக் கதையை என்னிடம் சொல்லாததற்கு. எல்லாவற்றையும் விட, தனக்கு நடந்த அதே வேலையை இன்னொரு பிள்ளைக்குச் செய்யும்போது பேசாமல் தேங்காய் துருவியதற்கு.

அடுத்த நாள் மூதூரில் இருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. அவளுடைய வாப்பா விசயத்தைக் கேட்டதும் பாய்ந்து எழும்பினாராம். "எங்கட பிள்ளைட இடத்துக்கு ஆக்கள் வரிசைல நிக்கிறாங்களா? அப்ப அது சும்மா இடமில்ல" என்றாராம். கடைக்காரம்மாவைத் தேத்தண்ணிகூடக் குடிக்க விடாமல் அனுப்பிவிட்டு, தானே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவிப்பதாகச் சொல்லிவிட்டாராம். "ஒங்கட உம்மாக்குச் சலாம் சொல்லுங்க" என்று முடித்திருந்தாள். அவளுக்காக நான் சந்தோசப்பட்டேன். ஆனால் அந்த வாப்பா மேலும் எனக்கு எரிச்சல் வந்தது. அவள் எத்தனை சனிக்கிழமை விடியமுதல் எழும்பிப் பஸ் ஏறினாள்? அதெல்லாம் அவருக்கு அந்த இடத்தின் பெறுமதியைக் காட்டவில்லை. இன்னொருவர் அதை எடுக்கப் பார்த்தபோதுதான் கண் திறந்தது.

அந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் வெற்றிடம் வரவில்லை. ரியூசன் சேர் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. அடுத்த வகுப்பில் இருந்த வேறு யாரையோ அவர் டொக்டர் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். அதற்கு முதலே நான் விலங்கு மருத்துவத்துக்குப் பதிந்துவிட்டேன். பதிகிற அன்று கணினிக்கு முன்னால் அம்மா என் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். கடைசியாக அழுத்தவேண்டிய இடத்தில் என் விரல் நின்றது.

"அழுத்து" என்றார் அம்மா. "கிடைச்ச இடத்தில போய் இரு. ஆர் எழும்பச் சொன்னாலும் எழும்பாதை."

அழுத்தினேன்.

பேராதனைக்குப் போன அன்று அம்மாவும் என்னோடு வந்தார். அப்பாவுக்கு ஒரு கப்பல் உள்ளே எடுக்கவேண்டி இருந்தது, அவர் பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றிவிட்டுப் போனார். கண்டி பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். கந்தளாய்க் குளம் தெரிகிற இடத்தில்தான் நான் வாய் திறந்தேன். எனக்குக் கொதி ஆறியிருக்கவில்லை, ஆனால் கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"கலாசாலையில உங்களுக்கு என்ன பாடம் கிடைச்சது?"

"விஞ்ஞானம்."

"உங்கட இடத்துக்குக் கூப்பிட்ட அந்த அடுத்த ஆள் ஆரெண்டு தெரியுமோ?"

அம்மா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "ஓம். உனக்கு எட்டாம் வகுப்பில விஞ்ஞானம் படிப்பிச்ச மிஸ்."

எனக்கு முதலில் அந்த முகம் ஞாபகம் வந்தது, பிறகு பெற்றோர் கூட்டம் ஞாபகம் வந்தது. அம்மா நல்ல சேலை உடுத்துக்கொண்டு, அந்த மிஸ்ஸின் மேசைக்கு முன்னால், கதிரை நுனியில் இருப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். ஒரு தடவை மிஸ் என் கொப்பியைப் புரட்டி, நான் செய்திருந்த முறை தான் படிப்பித்த முறை இல்லை என்று கண்டு, "வீட்டில நீங்கள் சொல்லிக் குடுத்துக் குழப்பாதேங்கோ அம்மா. அதுக்கெண்டு படிச்ச ஆக்கள் நாங்கள் இருக்கிறம்" என்றார். அம்மா "ஓம் மிஸ்" என்றார். அதற்குப் பிறகு அம்மா எனக்கு வீட்டில் விஞ்ஞானம் சொல்லித்தரவில்லை. ஆசிரியர் தினத்துக்கு அந்த மிஸ்ஸுக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் பயற்றம்பணியாரம் சுட்டுத் தந்து அனுப்பினார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மிஸ்ஸில் ஒரு பிழையும் இல்லை. அவரைக் கூப்பிட்டார்கள், அவர் போனார். யார் எழும்பிய கதிரை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. நான் யாரோடு கொதிப்பது? பக்கத்தில் இருந்த அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"அவ நல்லாத்தானே படிப்பிச்சவ, என்ன?" என்று கேட்டார்.

ஓம் என்று நான் சொல்லவேண்டும் என்பதற்காக அம்மா காத்துக்கொண்டிருந்தார். அந்த மிஸ் உண்மையிலேயே நல்லாத்தான் படிப்பித்தார். "ஓம் அம்மா" என்றேன். அப்படிச் சொல்லவேண்டி வந்த கொதி எனக்கு இன்னும் அடங்கவில்லை.